சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

சந்தைக்குச் சென்று கால் பணத்துக்குச் சுண்டைக்காய் வாங்கியவன், அதனைச் சுமந்துவந்த கூலியாளுக்கு முக்கால் பணம் கொடுத்தான் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. பொருளின் விலையைக் காட்டிலும் அதனைத் தாங்கிவருவதன் விலை மிகுந்துவிட்டால் வாணிகம் உருப்படாது என்பதே அதன் கருத்து. இப்பழமொழிக்கு நம் காலத்தில் நல்லதோர் எடுத்துக்காட்டு வேண்டுமாயின் வேறெங்கும் தேடவேண்டுவதில்லை; வீட்டு மேசைமீதிருக்கும் கணினியைத் திறந்து பார்த்தாற் போதும்.

மாணவர் பலர் எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எங்கள் கணினியில் 4 கிகாபைட் நினைவகம் இருக்கிறது. நண்பரோடு உரையாடும் செயலி ஒன்று, வகுப்புக் கூட்டத்துக்குரிய செயலி ஒன்று, நிரல் எழுதும் செயலி ஒன்று, ஆக மூன்றையும் திறந்தால் இயந்திரம் மூச்சுத் திணறுகிறது. கணினி பழுதாகிவிட்டதா? புதியது வாங்கத்தான் வேண்டுமா?" பெற்றோரின் கவலையும் இதுவே. 2022 ஆம் ஆண்டில் டொலர் ஒன்றின் விலை 200 ரூபாவளவிலிருந்து 360 ரூபாவளவுக்கு ஏறியதை நாம் மறக்கவில்லை. அதன் பின்னர் புதிய கணினி என்பது நடுத்தரக் குடும்பமொன்று எளிதில் எண்ணிப் பார்க்கக்கூடிய பொருளாக இல்லை.

எமது விடை இதுதான்: பெரும்பாலான வீடுகளிற் கணினி பழுதாகவில்லை, செயலிகள் கட்டப்படும் முறையே மாறிவிட்டது. செய்வோர் மிச்சப்படுத்தும் உழைப்பின் விலையை, வாங்குவோராகிய நாம் நினைவகத்தாலும் மின்சாரத்தாலும் பொறுமையாலும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அஃது எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சற்று நிதானமாக நோக்குவோம்.

செயலிக்குள் ஓர் உலாவி

இணையப் பக்கங்களைப் பார்க்க உதவும் மென்பொருளை உலாவி என்கிறோம். குரோம், பயர்பொக்ஸ், சபாரி என்பன நாமறிந்த உலாவிகள். இணையப் பக்கம் என்பது எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மூன்று மொழிகளால் எழுதப்பட்ட ஓர் ஓலை. அதனைப் படித்து, எழுத்தும் படமும் பொத்தானுமாகத் திரையில் வரைந்து காட்டுவது உலாவியின் தொழில். எவர் எழுதிய எத்தகைய ஓலை வந்தாலும் முகங்கோணாது வரைந்துகாட்ட வேண்டியிருப்பதால், உலாவி மிகப் பெரியதோர் இயந்திரமாக வளர்ந்துவிட்டது. ஒலி, காணொளி, முப்பரிமாணக் காட்சி, உலக மொழிகளின் எழுத்துகள் எனப் பலவற்றுக்கும் அதனுள்ளே இடமுண்டு.

மேசைக் கணினிச் செயலிகளின் மரபு வேறு. விண்டோஸுக்கென எழுதப்பட்ட செயலி, சாளரம், பட்டியல், பொத்தான் முதலியவற்றை விண்டோஸிடமே கேட்டு வாங்கிக்கொள்ளும். கணினியிலுள்ள எல்லாச் செயலிகளுக்கும் அப்பொருள்கள் பொது. யாழ்ப்பாணத்திலே நாலைந்து வளவினர் ஒன்றுசேர்ந்து ஒரு பங்குக் கிணற்றில் நீரள்ளுவதை இதற்கு ஒப்பிடலாம்.

இக்காலச் செயலிகள் பல அவ்வாறு செய்வதில்லை. செய்வோர் தமது செயலியை இணையப் பக்கம்போல எழுதுகின்றனர். பின்னர், அப்பக்கத்தைக் காட்டுவதற்கென முழு உலாவி இயந்திரம் ஒன்றையும் செயலியோடு சேர்த்துக் கட்டி நம்மிடம் தருகின்றனர். முகவரி எழுதும் பட்டையும் பின்செல்லும் பொத்தானும் நீக்கப்பட்டிருப்பதால், அஃது ஓர் உலாவி என்பதே நமக்குத் தோன்றாது. இத்தகைய செயலிகள் ஐந்து இருந்தால், உலாவி இயந்திரங்களும் ஐந்து. பங்குக் கிணறு பக்கத்திலிருக்க, ஒவ்வொரு குடியினரும் தத்தம் கிணற்றையும் தோளிற் சுமந்துகொண்டு குடிவந்த கதை இது.

வந்த வரலாறு

இம்முறை ஒரே நாளில் முளைத்ததன்று. 1999 ஆம் ஆண்டிலேயே மைக்ரோசொஃப்ட் நிறுவனம் தனது இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஐந்தாம் பதிப்புடன், இணையப் பக்கமொன்றைச் செயலியாக இயக்கும் வசதியை அளித்தது. 2008 இல் அடோபி நிறுவனத்தின் 'ஏர்' வந்தது. ஆயினும் ஒற்றையடிப் பாதையாகக் கிடந்த இவ்வழியைப் பெருந்தெருவாக்கியது 'எலெக்ட்ரோன்' என்னும் கருவியே. பௌதிக நூல்களில் இலத்திரன் என்று நாம் படிக்கும் நுண்துகளின் பெயரை அது சூடிக்கொண்டுள்ளது. பெயர் துகளினதேயன்றி, எடை துகளினதன்று.

2013 இல் கிட்ஹப் நிறுவனத்தார், 'அட்டொம்' என்ற நிரல் எழுதும் செயலிக்கென இக்கருவியை உருவாக்கத் தொடங்கினர். 'அட்டொம் ஷெல்' என்றிருந்த அதன் பெயர் 2015 ஏப்ரலில் எலெக்ட்ரோன் என மாறியது. கூகுளின் குரோம் உலாவிக்கு அடிப்படையாகிய குரோமியம் இயந்திரத்தையும், ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்குக் கணினியின் கோப்புகளைத் தொட்டாளும் அதிகாரத்தைத் தரும் 'நோட்' என்னும் மென்பொருளையும் ஒரே பொதியாகக் கட்டியதே எலெக்ட்ரோன். ஸ்லாக், டிஸ்கோர்ட், சிக்னல், விஷுவல் ஸ்டூடியோ கோட் முதலிய செயலிகள் இதன்மேல் எழுந்தவை. அட்டொம் 2022 டிசெம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டது. பிள்ளை போயிற்று, அதற்கெனச் செய்த தொட்டில் மட்டும் ஊரெங்கும் பரவிவிட்டது.

செய்வோர்க்கு என்ன இலாபம்?

செய்வோர்மீது வீண்பழி சுமத்துதல் எமது நோக்கமன்று. விண்டோஸ், மாக், லினக்ஸ் என மூவகைக் கணினிகள் உள. ஒவ்வொன்றுக்கும் உகந்த மொழியும் கருவியும் வெவ்வேறு. ஒரே செயலியை மூன்று முறை எழுத வேண்டும்; மூன்று குழுவினர்க்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்; ஒரு திருத்தம் செய்வதாயின் மூன்று இடங்களிலும் செய்ய வேண்டும். உலாவி வழியைப் பின்பற்றினாலோ ஒருமுறை எழுதியது மூன்றிலும் ஓடும். சிறு குழுவினரும் பெருஞ்செயல் செய்யலாம். லினக்ஸ் பயனாளர் தொகையிற் சிறியராதலால், இவ்வழி இல்லையேல் அவர்களுக்குப் பல செயலிகள் கிடைத்திரா.

தமிழர்க்கும் இதில் ஒரு நன்மையுண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கடிதத்தை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்து, பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலைக் கண்டு திகைத்த காலத்தை மூத்தோர் மறந்திரார். குரோமியம் இயந்திரமோ யூனிகோட் தமிழைக் கொம்பும் அரவும் இடம்மாறாமல் வரைய வல்லது. அதன்மேற் கட்டப்பட்ட செயலிகளெல்லாம் அத்திறனைத் தாமாகவே பெறுகின்றன.

ஆகவே இலாபம் உண்மையானது. அந்த இலாபத்தின் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதே நமது கேள்வி.

சுமையின் அளவு

'வணக்கம்' என்னும் ஒரு சொல்லைத் திரையிற் காட்டுவதன்றி வேறெதுவும் செய்யாத எலெக்ட்ரோன் செயலியொன்றைச் செய்து பாருங்கள். அது வன்தட்டில் 100 மெகாபைட்டுக்கு மேல் இடம்பிடிக்கும். ஒருகாலத்தில் நாம் பையில் வைத்துத் திரிந்த 1.44 மெகாபைட் நெகிழ்தட்டுகளில் அதனை அடக்குவதாயின் ஏறத்தாழ 70 தட்டுகள் வேண்டும். ஒரு சொல்லுக்கு எழுபது தட்டு! செயலியைப் புதுப்பிக்கும்போதும் இப்பெரும் பொதியே பெரும்பாலும் மீண்டும் இறங்குகிறது. அளந்து விற்கப்படும் இணைய இணைப்பை வைத்திருக்கும் வீட்டுக்கு இதுவும் ஒரு செலவு.

நினைவகக் கணக்கு இதனினும் பாரதூரமானது. குரோமியம் பாதுகாப்பின்பொருட்டுத் தன் வேலையைப் பல கூறுகளாகப் பிரித்து இயக்குகிறது. தலைமை தாங்குவதற்கு ஒரு கூறு, சாளரத்துக்கு ஒரு கூறு, படம் வரைவதற்கு ஒரு கூறு என அவை பெருகும். செயலி ஒன்றுதானே என்று நாம் எண்ணியிருக்க, உள்ளே நாலைந்து கூறுகள் தனித்தனியே நினைவகத்தைப் பற்றிக்கொள்கின்றன. மரபுவழிச் செயலிகள் பல ஒரே நிரற்றொகுதியைப் பயன்படுத்தும்போது, பணிசெயல் முறைமை அதன் ஒரு பிரதியை மட்டும் நினைவகத்தில் வைத்து எல்லாவற்றுக்கும் பகிர்ந்தளிக்கும். எலெக்ட்ரோன் செயலிகளோ தத்தம் பிரதியையே கொண்டுவருவதால் அப்பகிர்வுக்கு இடமில்லை.

1995 இல் வெளிவந்த விண்டோஸ் 95 இயங்குவதற்குக் குறைந்தது 4 மெகாபைட் நினைவகம் போதுமென்றனர். 2021 இல் வந்த விண்டோஸ் 11 இற்குக் குறைந்தது 4 கிகாபைட் வேண்டும் என்றனர். இருபத்தாறு ஆண்டுகளில் ஆயிரம் மடங்கு! முறைமைக்கே 4 கிகாபைட் என்றால், அவ்வளவே கொண்ட வீட்டுக் கணினியிற் செயலிகளுக்கு எஞ்சுவது எவ்வளவு? இடம் போதாதபோது கணினி, நினைவகத்திலுள்ளவற்றை வன்தட்டுக்கு மாற்றுவதும் மீட்டும் கொண்டுவருவதுமாக அல்லாடுகிறது. மாணவர் காணும் மூச்சுத் திணறல் இதுவேயாகும்.

கண்சிமிட்டிய கோடு

சுமை எத்தகைய இடங்களில் ஒளிந்திருக்கும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்வோம். எழுதும் செயலிகளில், அடுத்த எழுத்து எங்கே விழும் என்பதைக் காட்டும் சிறு கோடு தோன்றித் தோன்றி மறைவதை அனைவரும் கண்டிருப்பீர்கள். 2017 மார்ச்சில், விஷுவல் ஸ்டூடியோ கோட் செயலியைத் திறந்து வைத்து ஒன்றும் எழுதாமல் இருந்தபோதும், கணினியின் மத்திய அலகில் 13 விழுக்காடு வேலை நடந்துகொண்டிருப்பதை ஒருவர் கண்டு முறையிட்டார். ஆராய்ந்தபோது குற்றவாளி அந்தச் சிறு கோடே என்பது தெரிந்தது!

அரை வினாடிக்கு ஒருமுறை தோன்றவோ மறையவோ வேண்டிய கோட்டுக்கு, இணையப் பக்கங்களில் அசைவூட்டுவதற்கென அமைந்த முறையொன்றைப் பயன்படுத்தியிருந்தனர். உலாவி இயந்திரமோ எந்த அசைவையும் வினாடிக்கு 60 தடவை வரைந்து பழகியது. ஆகவே கோட்டில் மாற்றமே இல்லாத வேளையிலும் அது வரைந்துகொண்டே இருந்தது. மடிக்கணினியின் மின்கலமும் கரைந்துகொண்டே இருந்தது. செய்தோர் திறமை குறைந்தவரல்லர். காரணம் தெரிந்ததும் பழைய எளிய முறைக்கு மாற்றிவிட்டனர். ஆயினும் இதில் ஒரு படிப்பினை உண்டு. நாம் எழுதும் ஒரு வரிக்கும் இயந்திரத்துக்கும் இடையே பெரியதொரு மாளிகை எழுந்துநிற்கும்போது, அவ்வரி உள்ளே என்ன செய்கிறது என்பது எழுதியவர்க்கே தெரியாமற் போகிறது.

ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பூட்டு

சுமையைவிடக் கவனிக்கவேண்டியது பாதுகாப்பு. உலாவியில் திறக்கும் இணையப் பக்கம் எவருடையதாகவும் இருக்கலாம். ஆதலால் அது நம் கோப்புகளைத் தொடாதவாறு உலாவி வேலியிட்டு வைத்துள்ளது. எலெக்ட்ரோன் செயலியோ, இணையப் பக்கத்துக்குக் கோப்புகளை ஆளும் அதிகாரத்தையும் கொடுக்கக்கூடியது. வேலியைச் சரியாகப் போடாவிடின் அந்நியன் எழுதிய ஒரு வரியும் உள்ளே புகுந்துவிடும். 2018 மே மாதத்தில், இரகசியம் பேணுவதிற் பெயர்பெற்ற சிக்னல் செயலியின் மேசைப் பதிப்பிலேயே அத்தகைய வழுவொன்று வெளிப்பட்டது. ஒருவர் அனுப்பிய செய்தியை வெறும் எழுத்தாகக் கொள்ளாமல், இணையப் பக்கத்தின் பகுதியாக அது ஏற்றுக்கொண்டது. பெற்றவர் எதையும் அழுத்தாமலே அந்நிரல் இயங்கக்கூடியதாயிருந்தது. அவ்வழு விரைவில் திருத்தப்பட்டது.

2023 செப்டம்பரில் நிகழ்ந்தது இன்னும் விரிவானது. வெப்பீ என்னும் பட வகையைத் திறக்கும் நிரற்றொகுதியில் ஆபத்தான ஓட்டையொன்று இருப்பதை அப்பிள் நிறுவனத்தாரும் டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லாப் ஆய்வாளரும் கூகுளுக்கு அறிவித்தனர். செப்டம்பர் 11 ஆந் திகதி குரோம் உலாவிக்கு மருந்து வந்துவிட்டது. ஆயின் அதே நிரற்றொகுதி ஒவ்வோர் எலெக்ட்ரோன் செயலிக்குள்ளும் தனித்தனியே உறங்கிக் கிடந்தது. எலெக்ட்ரோன் திருத்தப்பட வேண்டும். பின்னர் ஒவ்வொரு செயலியைச் செய்தவரும் அத்திருத்தத்தை எடுத்துப் புதிய பதிப்பு வெளியிட வேண்டும். அதன்பின் நாம் அதனை நிறுவ வேண்டும். பங்குக் கிணற்றில் நஞ்சு கலந்தால் ஒருமுறை இறைத்துத் தூய்மையாக்கலாம். தனித்தனிக் கிணறுகளாயின் ஒவ்வொருவர் வாசலுக்கும் சென்று கதவைத் தட்ட வேண்டும். வீட்டுக்காரர் ஊரிலில்லையென்றால் அக்கிணறு அப்படியே கிடக்கும்.

எலெக்ட்ரோன் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை புதிய பெரும்பதிப்பை வெளியிட்டு வருகிறது. அண்மைய மூன்று பதிப்புகளுக்கே திருத்தம் தருகிறது. ஆகவே, எழுதி முடித்துக் கைவிடப்பட்ட செயலியொன்று அரையாண்டளவிற் காவலற்ற வீடாகிவிடுகிறது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

பாதுகாப்பில் மட்டுமன்று, வேகத்திலும் இக்கதை நிகழ்ந்தது. 2025 செப்டம்பரில் அப்பிள் நிறுவனம் மாக் கணினிகளுக்கான 26 ஆம் பதிப்பு முறைமையை வெளியிட்டபோது, எலெக்ட்ரோன் செயலிகள் திறந்திருந்தாற் கணினி முழுவதுமே மந்தமாகியது. சாளரத்தின் மூலைகளை வரைவதற்காக, அப்பிள் பிறர்க்கெனத் திறந்துவிடாத உள்வழியொன்றை எலெக்ட்ரோன் பயன்படுத்தியிருந்ததே காரணம். சில வாரங்களில் எலெக்ட்ரோன் திருந்தியது. ஆயினும் செயலிகள் ஒவ்வொன்றும் தத்தம் முறைக்குத் திருந்தும்வரை பயனாளர் காத்திருந்தனர்.

குற்றம் கருவியினதா, கையினதா?

கருவியை மட்டும் நொந்து பயனில்லை. 2019 இல் ஸ்லாக் நிறுவனத்தார் தமது செயலியைப் புதிதாக எழுதி, முன்னையதிலும் பாதியளவு வரை நினைவகம் குறையும் என அறிவித்தனர். அப்போதும் அஃது எலெக்ட்ரோன் செயலியே. முன்னர் பயனாளர் சேர்ந்திருந்த ஒவ்வொரு குழுவுக்கும் தனிக் கூறு இயங்கியது. புதியதில் எல்லாம் ஒன்றாயின. மைக்ரோசொஃப்டின் டீம்ஸ் செயலி 2023 இல் எலெக்ட்ரோனை விட்டு, விண்டோஸில் பொதுவாக நிறுவப்பட்டிருக்கும் உலாவி இயந்திரத்துக்கு மாறியது. நினைவகம் பாதியாகக் குறையுமென அவர்களும் அறிவித்தனர். மனமிருந்தால் பாதியைக் குறைக்கலாம் என்றால், அதுவரை நம் தலையிலிருந்த மறுபாதி எதற்காக?

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. வட்ஸ்அப் தனது விண்டோஸ் செயலியை 2022 இல் விண்டோஸுக்கே உரிய முறையில் எழுதி வெளியிட்டது; 2025 இறுதியில் மீண்டும் உலாவி வழிக்கே திரும்பியது. வல்லமை இருந்தும் சிக்கனத்தின்பொருட்டு இவ்வாறு செய்யும் நிறுவனங்களைப் பார்க்கும்போது, காரணம் தொழினுட்பத்திலும் கணக்குப் புத்தகத்திலேயே கூடுதலாக இருப்பதாக எமக்குத் தோன்றுகிறது.

நடுவழியும் இல்லாமலில்லை. 2022 இல் முதற் பதிப்பை எய்திய 'டவுரி' என்னும் கருவி, உலாவியைச் செயலியோடு கட்டாமல், கணினியில் ஏற்கெனவே இருப்பதையே பயன்படுத்துகிறது. பொதி வெகுவாகச் சிறுக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறைமையிலும் உள்ள உலாவி இயந்திரம் வெவ்வேறானபடியால், ஒன்றிற் சரியாக ஓடியது மற்றொன்றிற் சறுக்கக்கூடும். இலவசமாக வரும் நன்மை எதுவுமில்லை.

நாம் செய்யக்கூடியவை

இல்லத்தார்க்கு முதலிற் சொல்வோம். கணினி மந்தமானதும் கடைக்கு ஓடாதீர்கள். விண்டோஸ் கணினியில் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால், எந்தச் செயலி எவ்வளவு நினைவகத்தைப் பற்றியிருக்கிறது என்னும் பட்டியல் தோன்றும். கணினியைத் தொடக்கியவுடன் அழையா விருந்தினராய்த் தாமே எழும் செயலிகளையும் அங்கேயே நிறுத்தி வைக்கலாம். உரையாடல், கூட்டம் முதலியவற்றுக்குரிய செயலிகள் பலவற்றை, நிறுவாமல் வழமையான உலாவியிலேயே ஒரு தாளாகத் திறக்க முடியும். அப்போது ஐந்து வேலைக்கு ஐந்து உலாவி வேண்டியதில்லை. வைத்திருக்கும் செயலிகளைக் காலந்தவறாது புதுப்பியுங்கள். மாதக்கணக்கில் தொடாதவற்றை நீக்கிவிடுங்கள். இவற்றையெல்லாம் செய்து பார்த்த பின்னும் இடர் தீராவிடின், புதிய கணினி வாங்குமுன் நினைவகத்தை மட்டும் கூட்டிக்கொள்ள முடியுமா என்று விசாரியுங்கள்.

மாணவர்க்கு ஒரு சொல். நாளை செயலிகளைச் செய்யப்போகிறவர்கள் நீங்கள். இணைய மொழிகளைக் கற்பது நன்று. அவை உடனே பலன் தருபவை. ஆயினும் அவற்றோடு நின்றுவிடாது, இயந்திரத்தோடு நேரே பேசும் மொழியொன்றையும் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு சாளரம் எவ்வாறு திறக்கிறது, ஓர் எழுத்து எவ்வாறு திரையில் விழுகிறது, நினைவகம் எங்கிருந்து வருகிறது என்பவற்றை அறிந்தவன், உலாவி வழியைத் தெரிந்தெடுத்தாலும் அதன் செலவை உணர்ந்தே தெரிந்தெடுப்பான். செய்து முடித்ததைப் பரீட்சிக்கும்போது, உங்களிடமுள்ள புதிய கணினியில் அன்று, அயல்வீட்டிலுள்ள மிகப் பழைய கணினியில் ஓட்டிப் பாருங்கள். அங்கே அது தடையின்றி ஓடுமாயின், எங்கும் ஓடும்.

செயலியொன்றின் தரத்தை அதன் அழகைக்கொண்டு மட்டும் அளவிடுகிறோம். அது நம்மிடம் கேட்கும் இடத்தையும், இழுக்கும் மின்சாரத்தையும், கோரும் காவலையும் சேர்த்து அளவிடும் பழக்கம் நம்மிடையே வளரவேண்டும். வாங்குவோர் சுமைகூலியைக் கேட்கத் தொடங்கினால், விற்போரும் சுமையைக் குறைக்கத் தொடங்குவர்.